வெள்ளகோவில்: ஒற்று மிகுமா?

காங்கேயத்துக்குக் கிழக்கே கரூர் சாலையில் உள்ள ஊரின் பெயரை வெள்ளகோவில் என்றும் வெள்ளக்கோவில் என்றும் எழுதுகிறார்கள். முன்சொல் ‘வெள்ளை’ என்றால் பண்புத்தொகை. வெள்ளைத்தாள் போல வலி மிகும். பேச்சில் ஐகாரம் குறுகி ‘வெள்ள’ ஆனாலும் ஒற்று போகாது. ‘வெள்ளம்’ என்றால் மகரம் கெட்டு, வெள்ளக்காடு போல மிகும். ஆகவே ஒற்றை வைத்து ஊர்ப்பெயரின் மூலத்தைத் தீர்மானிக்க இயலாது. ஆனால் அசையை அது மாற்றிவிடுகிறது. ஒற்று இல்லையேல் வெள்/ளகோ/வில்: ‘ளகோ’ நிரையசையாகி, இரு சொற்களின் எல்லையை விழுங்கிவிடுகிறது, சீர் கூவிளங்காய். ஒற்று இருந்தால் வெள்/ளக்/கோ/வில்: எல்லை தெளிகிறது, சீர் தேமாந்தண்பூ. இத்தாலியத்திலும் ‘சோப்ரா’, ‘தூத்தோ’ சேர்ந்து ‘சோப்ரத்தூத்தோ’ ஆகும்போது இடையில் மெய் இரட்டிக்கிறது. அங்கே முதன்மை அழுத்தம் பின்சொல்லில் விழுகிறது. சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடுத்தாத தமிழில் எல்லை காட்டும் பொறுப்பு ஒற்றுக்கே கூடுதல்.

செட்டிபாளையத்தில் ஒற்று இல்லையே எனலாம். ‘செட்டி’ உயர்திணைப் பெயர். அதன்முன் வல்லினம் பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். வெள்ளைக்கும் வெள்ளத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஊர்ப்பெயர் வழக்குக்கே கட்டுப்பட்டது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பெயர்ப்பலகையும் பேருந்தும் ஏற்ற வடிவத்தைப் பிழை என்று ஒதுக்க முடியாது. வழக்கும் ஒரு சான்றே. எனினும் வழக்கு எழுத்தைத்தான் நிலைநாட்டுகிறது. புணர்ச்சியை அது விளக்குவதில்லை. முகவரியில் வழங்கும் வடிவம் இருக்கட்டும். சொல்லைப் பிரித்துக் காட்டும் இடத்தில் ‘க்’ வேண்டும்.