பேத்தியின் பேச்சு வகுப்பு

போன வருடம் ஆறு மாதம் மகள் வீட்டில், சான் ஹோசே பக்கம், இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? அங்கே ஒரு நாள் ராத்திரி சாப்பாடு ஆனதும் பேத்தி எங்கள் இருவரையும் சோபாவில் உட்கார வைத்தாள். "தாத்தா, ஆறு நிமிஷம். நடுவுல பேசக்கூடாது" என்றாள். கையில் கொஞ்சம் உதிரிப்பூ, ஒரு நூல்கண்டு. பூக் கட்டுவது எப்படி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கட்டிக் காட்டினாள். பாட்டியிடம் கற்ற வித்தைதான். வகுப்பில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது: ஏதாவது ஒன்றைச் செய்து காட்டிப் பேச வேண்டும்.

அவள் நர்சிங் சேருவதற்கு முந்தைய பாடங்களை அந்த ஊர் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். "நர்ஸுக்கு எதுக்கம்மா மேடைப் பேச்சு?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் உண்டு தாத்தா" என்றாள். கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் எந்தப் பட்டம் வாங்கினாலும் வாய்மொழிப் பேச்சில் ஒரு பாடம் தேறியிருக்க வேண்டுமாம். அவளோடு அந்த வகுப்பில் ஒரு மெக்கானிக், பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர், இரண்டு பிள்ளை பெற்ற ஒரு அம்மா. எனக்கு இது புதிது. வேலை இல்லாதவனுக்குப் பொழுது போக வேண்டுமே, அதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இந்த வகைக் கல்லூரி 1901-ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில், ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஒட்டாகத் தொடங்கியது. முதலில் ஆறே மாணவர்கள். ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கல்லூரியின் முதல் இரண்டு வருடத்தைப் படிக்கட்டும் என்பதுதான் எண்ணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1944-ல் வந்த சட்டத்தின் உதவியோடு சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்க வந்தார்கள். ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு 1947-ல், இப்படிப்பட்ட கல்லூரிகளை ஊர் ஊராகப் பெருக்கச் சொன்னது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

பேச்சுப் பாடத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சி என்றால் பெரும்பாலும் மனப்பாடம்தான். பிறர் எழுதிய பாட்டையோ பிரசங்கத்தையோ உருப்போட்டு, எந்த இடத்தில் கையைத் தூக்குவது, எங்கே நெஞ்சில் வைப்பது என்று பழகி ஒப்பிப்பார்கள். 1914-ல் பதினேழு ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிந்து, பேச்சு தனிப் பாடம் என்று தனிச் சங்கம் கண்டார்கள். அவர்களில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்து வினன்ஸ். மேடைப் பேச்சும் ஒரு உரையாடல்தான், கொஞ்சம் பெரிதாக்கிய உரையாடல் என்று 1915-ல் புத்தகம் எழுதினார். ஒப்பிப்பது கூடாது, எழுதி வாசிப்பதும் கூடாது. விஷயத்தை யோசித்துத் தயாராகி, சொற்களை அங்கே நின்று கண்டுபிடி. பேத்தியின் கையில் இருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். மூன்றுக்கு ஐந்து அங்குலம். மொத்தம் பன்னிரண்டு வார்த்தைகள் இருந்திருக்கும். அவ்வளவுதான் அனுமதியாம்.

நம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? தமிழ் ஐயா எழுதித் தருவார். "அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே" என்று மூச்சு விடாமல் ஆரம்பிப்போம். எட்டாம் வகுப்பில் மூன்றாவது பத்தியில் எனக்கு வார்த்தை நின்றுவிட்டது. சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. மேடைப் பேச்சில் பேர்போன நாடு நம்முடையது. ஆனால் அது வாய்த்தவனுக்கு வாய்த்த வரம், மற்றவன் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டியவன் என்றே வளர்ந்தோம்.

பணி ஓய்வு விழாவில் தப்பிக்க முடியவில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போய், தலை நிமிராமல் வாசித்தேன். மேலதிகாரிகள் எல்லோர் பெயரும் அதில் இருந்தது. முதல் வரிசை ஓரத்தில் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் உட்கார்ந்திருந்தார். நான் சேர்ந்த புதிதில் எந்தக் கட்டு எந்த அலமாரியில், யாரிடம் எப்போது கையெழுத்துக்குப் போகலாம் என்று எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். தாளில் அவர் பெயர் இல்லை, அதனால் நான் சொல்லவில்லை. தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். மாலையைச் சுமந்துகொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தவரும் அவர்தான். இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விவாதத்துக்கும் அங்கே தனிப் பயிற்சி உண்டு. இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கென்றே ஃபை ரோ பை என்ற பேச்சுச் சங்கம் 1928 முதல் இருக்கிறது. தேசிய அளவில் போட்டி வைக்கிறார்கள். நம் பட்டிமன்றம் மாதிரி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஒரு சுற்றில் ஆதரித்துப் பேசியவனே அடுத்த சுற்றில் அதையே எதிர்த்துப் பேச வேண்டியிருக்கும். "அப்போ நம்பாததைப் பேசறது தப்பில்லையா?" என்று என் மனைவி கேட்டாள். "எதிராளி என்ன சொல்வான்னு தெரிஞ்சுக்கத்தான் பாட்டி" என்றாள் பேத்தி. மனைவிக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

பூக் கட்டும் பேச்சுக்கு அவளுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. பேசியதில் குறை இல்லை, ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டாளாம். மிச்சமிருந்த வெற்று அட்டைகளில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். அடுத்த மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அட்டையில் இப்போதைக்கு ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது.