நகராட்சியே 'ஓனர்' ஆனால் என்ன ஆகும்? இங்கிலாந்து சொல்லும் பாடம்

2010-க்குப் பிறகு அரசு நிதி குறைந்ததால், இங்கிலாந்தின் பல நகராட்சிகள் கடைகள், அலுவலகக் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விட்டன.

கணக்கு என்ன?

சிம்பிள்தான். அரசிடம் குறைந்த வட்டியில் கடன். வாடகையில் வட்டி கட்டணும். மிச்சம் குப்பை அகற்ற, பூங்கா பராமரிக்க.

வாடகை போதலைன்னா?

லண்டன் அருகே உள்ள வோக்கிங்கைப் பாருங்க. கடைகள், ஹோட்டல், குடியிருப்புகள் கொண்ட விக்டோரியா ஸ்கொயரில் பெரும் பணம் முடங்கியது. 2023 ஜூனில் புதிய செலவுகளை நிறுத்தி நோட்டீஸ் வந்தது. பற்றாக்குறை 120 கோடி பவுண்ட். ஆண்டின் அடிப்படை நிதியோ 1.6 கோடிதான்!

சுமை யாருக்கு?

லாபத்துக்காகச் சொத்து வாங்க அரசுக் கடன் கிடையாது என 2020-லேயே விதி வந்தது. ஆனால் பழைய கடன் போகலை. 2024-ல் நகராட்சி தன் பங்கு வரியை 10 சதவீதம் உயர்த்தியது. கட்டியது மக்கள்தான்.