கலவைக் கணக்கும் நீதியின் தராசும்

வீரியம் வேறுபட்ட இரு திரவங்களையோ, மாற்று வேறுபட்ட இரு உலோகங்களையோ கலந்தால் கிடைப்பதில் எது எவ்வளவு என்று கேட்கும் கணக்குகளை நாம் பள்ளிப் பருவத்தோடு மறந்துவிடுகிறோம். முஸ்லிம் அறிவுலகில் அக்கேள்வி வெறும் ஏட்டுப் பயிற்சியாக இருந்ததில்லை. நாணயத்திலும் வணிகத்திலும் ஸகாத்திலும் நீதி நிலைபெற அதற்கு விடை தேவைப்பட்டது.

கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) அல்ஜப்ர் நூலை இயற்றிய முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ, வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படுவதைத் தம் நூலின் நோக்கமாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். தெரியாத அளவுக்கு அவரிட்ட பெயர் ‘ஷய்’. கழிக்கப்பட்டதை மறுபுறம் சேர்த்து நிறைவாக்குவது ‘ஜப்ர்’. இருபுறமும் ஒத்திருப்பதை நீக்குவது ‘முகாபலா’.

அம்முறைக்கு வேண்டிய அளவுகளை உலோகங்களிலும் மணிகளிலும் நுட்பமாகக் கண்டறிந்தவர் அல்பீரூனீ. அவர் வழியில் தொடர்ந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினீ, 1121இல் (ஹிஜ்ரி 515) மர்வ் நகரில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை இயற்றினார். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுக்கும் ஐந்து தட்டுத் தராசை அது விவரிக்கிறது. அதன் அளவுகளை இன்றைய முறைக்கு மாற்றினால் பொன் நீரைவிட 19.05 மடங்கும், வெள்ளி 10.30 மடங்கும் அடர்ந்தவை. இன்றைய மதிப்புகள் முறையே 19.3, 10.5. உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும். இத்தராசோ உருக்காமலே உள்ளிருப்பதையும் உரைக்கும்.

பொன்னும் வெள்ளியும் கலந்த 100 மிஸ்கால் கட்டி ஒன்று நீரில் 6.14 மிஸ்கால் எடை இழப்பதாகக் கொள்வோம். முழுவதும் வெள்ளியாயின் இழப்பு 9.71, முழுவதும் பொன்னாயின் 5.25. ஒரு மிஸ்கால் வெள்ளியின் இடத்தில் பொன் வரும்போதெல்லாம் இழப்பு 0.0446 குறையும். பொன்னின் எடையை ‘ஷய்’ என்போம். 9.71இலிருந்து 0.0446 ஷய்யைக் கழித்தால் 6.14. ஜப்ரினால், 9.71 என்பது 6.14உடன் 0.0446 ஷய்யைக் கூட்டியதற்குச் சமம். முகாபலாவினால், 3.57 என்பது 0.0446 ஷய்க்குச் சமம். ஆகவே பொன் ஏறத்தாழ 80 மிஸ்கால், வெள்ளி 20.

இவ்விடையில் மார்க்கக் கடமையும் அடங்கியுள்ளது. பொன்னின் நிஸாப் 20 மிஸ்கால். இதே கலவையில் 24 மிஸ்கால் கட்டி ஒன்றை மட்டும் ஓராண்டு வைத்திருப்பவரிடம் உள்ள தூய பொன் 19.2 மிஸ்கால். தூய பொன் நிஸாபை எட்டாததால் ஷாஃபிஈ மத்ஹபில் அவர்மீது ஸகாத் இல்லை. பொன்னே மிகுந்திருப்பதால் ஹனஃபீ மத்ஹபில் கட்டி முழுவதும் பொன்னாகக் கருதப்பட்டு ஸகாத் கடமையாகிறது. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் கலவையை அறியாமல் தீர்ப்புச் சொல்ல இயலாது.

உண்மையைக் காட்டும் கருவிக்குப் பகைவரும் உண்டு. அல்காஸினீக்கு முன்னோடியான அல்இஸ்ஃபிஸாரீ அரும்பாடுபட்டு அமைத்த தராசை, தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய கருவூலக் காப்பாளர் உடைத்தெறிந்தார் என்றும், அத்துயரிலேயே அவ்வறிஞர் இறந்தார் என்றும் வரலாற்றாசிரியர் ழஹீருத்தீன் அல்பைஹகீ பதிவு செய்கிறார். அளவையில் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆனின் ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயம் ஏன் அத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்தும் நாம் உணரலாம். உடைந்த அக்கருவியின் கலையை அல்காஸினீ மேலும் செம்மைப்படுத்திச் சுல்தான் சன்ஜருக்குத் தம் நூலோடு வழங்கினார்.

எனினும் இக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. கட்டியில் செம்பும் சேர்ந்திருந்தால், அல்லது உள்ளே வெற்றிடம் இருந்தால், ஓர் எடையிழப்பைக் கொண்டு விடை காண இயலாது. நாம் பெறும் 80 என்ற எண் பிழையாகிவிடும். கலந்தவை இரண்டே, அவை இன்னவை என்று உறுதிசெய்த பின்னரே சமன்பாடு சாட்சி சொல்லும். நிறுப்பவரின் நேர்மையோடு இந்த எச்சரிக்கையும் சேரும்போதுதான் தராசின் தீர்ப்பு நீதியாகும்.