தனிப்பயனாக்கப்பட்ட தேடல்

தனிப்பயனாக்கப்பட்ட தேடல் என்பது, இணையத்தில் தேடுபவரின் இருப்பிடம், மொழி, முந்தைய தேடல்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு முடிவுகளை அவருக்கேற்ப வரிசைப்படுத்தும் முறை.

தேவை

'சோழவரம்' என்று மட்டும் தட்டுபவருக்கு வேண்டியது சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் நீர்மட்டமா, ஊராட்சி ஒன்றிய அலுவலகமா, பழைய விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களின் வரலாறா? அருகிலுள்ள செங்குன்றமும் ரெட்ஹில்ஸும் ஒரே ஊர் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும்; தேடுபொறிக்கும் தெரிய வேண்டும். 'டை' என்ற சொல் இன்னும் சிக்கலானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் இயந்திரம் ஓட்டுபவருக்கு அது தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சு. பள்ளிப் பிள்ளையின் தாய்க்குக் கழுத்தில் கட்டுவது. இன்னொருவருக்கு நரைக்குப் பூசுவது.

செயல்படும் விதம்

ஜிபிஎஸ் வழியே இருப்பிடம் துல்லியமாகத் தெரியும். ஐபி முகவரி தோராயமானது. சோழவரத்தில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக் காட்டிவிடலாம். சற்றுமுன் 'பவர் பிரஸ்' என்று தேடியவர் அடுத்து 'டை' என்று தட்டினால், இயந்திர அச்சு பற்றிய பக்கங்களை மேலே கொண்டுவரலாம்.

வரலாறு

பக்கங்களின் முக்கியத்துவத்தைப் பொருள்வாரியாகக் கணக்கிடும் முறையை 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாஹெர் ஹாவேலிவாலா வெளியிட்டார். இத்துறையில் இயங்கிய கால்டிக்ஸ் நிறுவனத்தைக் கூகுள் 2003இல் வாங்கியது. 2004இல் சோதனையாகத் தொடங்கிய கூகுளின் தனிப்பயன் தேடல், 2009 டிசம்பரில் கணக்கில் நுழையாதவர்களுக்கும் விரிந்தது.

விமர்சனம்

விருப்பத்துக்கு ஒத்ததையே காட்டும் தேடல் மாற்றுக் கருத்துகளை மறைத்துவிடும் என்று ஈலை பாரிசர் 2011இல் எழுதிய 'தி ஃபில்டர் பபிள்' நூல் எச்சரித்தது. இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் இடங்களில் தனியுரிமைச் சிக்கலும் கண்ணெதிரே தெரியும். தாய் தன் நோயைப் பற்றித் தேடியது, மகன் தேடல் பெட்டியைத் தொட்டதும் பழைய தேடல்களின் பட்டியலில் வந்து நிற்கும். தாய் யாரிடமும் சொல்லாத செய்தி அது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) தரவைப் பயன்படுத்தத் தெளிவான ஒப்புதலை முக்கிய அடிப்படையாக வைக்கிறது. தேடல் வரலாற்றை அழிக்கவும் பதிவை நிறுத்தவும் கூகுள் கணக்கில் வசதி உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு பயனரும் அறிந்திருப்பது அவசியம்.

தன்னைப் பற்றிய பதிவைத் தர விரும்பாதவருக்கும் வழி இருக்கிறது. 'டை' என்பதை 'பவர் பிரஸ் டை' என்றும், 'சோழவரம்' என்பதை 'சோழவரம் ஏரி நீர்மட்டம்' என்றும் தட்டினால் போதும். வேண்டிய சூழலைத் தேடுபவரே சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி எதையும் தேடுபொறி அறிய வேண்டியதில்லை.