தாயி, என்ன வேணும்?

என் அப்பாயியின் முகத்தில் விரல் வைத்துக் குழிகளை எண்ணுவது சின்ன வயதில் எனக்கு ஒரு விளையாட்டு. இடக் கன்னத்தில் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அவள் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கியபடி, முகத்தை அசைக்காமல் கொடுத்துக்கொண்டிருப்பாள். "நல்லா எண்ணிக்க, எல்லாம் ஆத்தா போட்ட முத்து" என்பாள். வலது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. அதுவும் ஆத்தா கணக்கில்தான்.

கொள்ளிடத்துக்கு வடகரையில், சமயபுரத்துக்கு நடந்தே போய்வருகிற தூரத்தில் எங்கள் ஊர். பாடப் புத்தகம் பெரியம்மை என்று சொல்லும். பழைய காகிதங்களில் வைசூரி என்றிருக்கும். ஊரில் இரண்டு பெயரையும் வாயில் எடுக்க மாட்டார்கள். "அந்த வீட்டுல ஆத்தா வந்திருக்கா" என்பதோடு சரி. நோய்க்குப் பெயரே சொல்லாமல் ஒரு வரலாறு முழுக்க நடந்து முடிந்திருக்கிறது.

அப்பாயிக்கு வந்தது ஆறேழு வயதில். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கும் அவள் தம்பிக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. இரண்டு மூன்று நாள் அனலாய்க் கொதித்து, பிறகு வாயிலும் முகத்திலும் தடித்து, கொப்புளமாகி, சீழ் கோத்து, பொருக்குத் தட்டி உதிர மூன்று வாரம் ஆகும். தடுப்பூசி போடாதவர்களில் பத்துக்கு மூன்று பேர் பிழைப்பதில்லை. வந்த பிறகு தீர்க்கிற மருந்து என்று ஒன்று அந்த நோய்க்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. வைத்தியரைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? கூப்பிடவில்லை.

அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வர மாட்டான். வீட்டில் தாளிப்பு நின்றது, கறி மீன் நின்றது. வெளுக்கத் துணி போடவில்லை. வாசலுக்கு வந்தவர்களுக்குப் பிச்சைகூடப் போடவில்லை. பாய் ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும் என்பதால் வாழையிலையில் வேப்பிலை பரப்பிப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். அரிப்பெடுத்தால் சொறியக் கூடாது. வேப்பங்கொழுந்தால் வருடிவிட வேண்டும். இளநீர், நீராகாரம், ஆறிய கஞ்சி. பக்கத்தில் இருந்து பார்த்தது, முன்பே ஆத்தா வந்து போன ஒரு பெரியம்மா. ஒரு தரம் வந்தவர்களுக்கு மறுபடி வராது என்பது ஊருக்கே தெரியும். ராத்திரியில் அந்தப் பெரியம்மா மாரியம்மன் தாலாட்டுப் பாடுவாளாம். பிள்ளைக்குப் பாடுகிற தாலாட்டு இல்லை அது. பிள்ளைக்குள் வந்திருப்பவளைத் தூங்கவைக்கிற தாலாட்டு.

அப்பாயி மறக்காமல் சொன்னது வேறொன்று. அவளுடைய அப்பா கோபக்காரர், பிள்ளைகளை மாட்டுக்குச்சியால் விளாசுகிறவர். அந்த நாட்களில் காலையும் மாலையும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாழையிலைக்கு முன் கைகூப்பி நின்று, "தாயி, என்ன வேணும்?" என்று கேட்பாராம். செல்லத்துக்குப் பெண்பிள்ளையைத் தாயி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். இது அந்தத் தாயி இல்லை. நாறிக்கிடந்த ஆறு வயதுப் பெண்ணுக்குள் சாமி இருக்கிறாள் என்று நம்பி, பெற்ற அப்பன் உத்தரவு கேட்டு நின்றார். அவள் கரும்பு கேட்டாள். அலைந்து வாங்கி வந்தார்.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிட்டுப் போகிற கட்டுரைகளை நிறையப் படித்தாயிற்று. எனக்கு அது போதவில்லை. துணி வெளியே போகாததும் வெளியாள் உள்ளே வராததும் தொற்று பரவாமல் இருக்கச் செய்கிற காரியம்தான். அதைவிட முக்கியம், சாமியை யாரும் திண்ணையில் தள்ளிக் கதவைச் சாத்த மாட்டார்கள். தொட்டால் ஒட்டுகிற நோயாளியைக் கைவிடாமல் வைத்திருக்க அந்த நம்பிக்கையைவிடப் பலமான கயிறு எதுவும் அன்றைக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தம்பி பிழைக்கவில்லை. பதினோராம் நாள் போய்விட்டான். சத்தம் போட்டு அழக் கூடாது என்று பெரியவர்கள் வாயைப் பொத்தினார்கள். எரிக்காமல் புதைத்தார்கள். "ஆத்தா எடுத்துக்கிட்டா" என்றார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு இன்றும் இடறுகிறது. அழவிடாத நம்பிக்கையைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அப்பாயியின் அம்மா ஒரு வருஷம் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதாளாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கதை உண்டு: மராட்டிய மன்னர் துளஜாவின் மகளுக்கு அம்மையில் கண் போய், அங்கே வேண்டிக்கொண்ட பிறகு திரும்பியது என்பார்கள். வைசூரி கண்ணைக் கொண்டுபோவது அவ்வளவு சாதாரணமாக இருந்த காலம். மாரியம்மன் கோயில் வாசல்களில் வெள்ளித் தகட்டில் கண்மலர் விற்பதன் பின்னால் அந்தப் பயமும் இருக்கிறது. அப்பாயிக்காகவும் அவள் அம்மா சமயபுரத்தில் ஒரு ஜோடி போட்டாள். ஒரு கண் தப்பியது. அப்பாயி வளர்ந்த பிறகு வருஷா வருஷம் சன்னதியில் நின்று, "ரெண்டு போட்டோம், ஒண்ணுதான் குடுத்தே. பாக்கி நிக்குது, ஞாபகம் வச்சுக்க" என்று சத்தமாகவே சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள் அம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி என்று பெயர். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான் நைவேத்தியம். மற்ற இடங்களில் பக்தன் சாமிக்காக விரதம் இருப்பான். இங்கே சாமி பிள்ளைகளுக்காக. பட்டியலைப் பாருங்கள், எல்லாம் அம்மை கண்டவர்களுக்குக் கொடுக்கிற குளிர்ச்சி. வைசூரியும் வெயில் ஏறுகிற அந்த மாதங்களில்தான் ஓங்கும்.

ஜென்னர் 1796இல் கண்டுபிடித்த தடுப்பு முறை 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு முதலில் போடப்பட்டு, தெற்கேயும் வந்தது. ஒரு பிள்ளையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் போடுவது அன்றைய முறை. யார் வீட்டுப் பிள்ளையிடமிருந்து எடுத்தது என்று ஜாதி பார்த்து மறுத்தவர்கள் உண்டு. பிறகு கன்றுக்குட்டித் தோலில் வளர்த்தார்கள்; கிண்டி கிங் நிலையம் அதற்காகவே 1899இல் தொடங்கியது. அதை வெயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோவதற்குள் வீரியம் கெட்டுவிடும். உறைய வைத்து உலர்த்திய மருந்து வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் அம்மைப்பால். குத்த வருகிறவர் அம்மை குத்துகிறவர். எதிரியின் பெயராக இல்லை, ஆத்தா வீட்டு ஆள் போலத்தான் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு அவர் சைக்கிளில் வந்தது எனக்கு எட்டு வயதிருக்கும்போது. முனையில் பல் வைத்த கருவியைத் தோளில் அழுத்தித் திருகுவார். பிள்ளைகள் வைக்கோற்போரிலும் குதிருக்குப் பின்னாலும் ஒளிந்தோம். என் அம்மாவே தயங்கினாள்: ஆத்தா கோபித்துக்கொண்டால்? அப்பாயி என்னைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். "அவ வந்துதான் முத்துப் போடணும்னு இல்லடி. இவரு கையில ரெண்டு முத்துக் குடுத்து அனுப்பியிருக்கா, வாங்கிக்க." குத்திய இடம் பழுத்துக் காய்கிறவரை எங்கள் வீட்டில் தாளிக்கவில்லை. அந்த இரண்டு வட்டத் தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். 1962இல் தேசிய ஒழிப்புத் திட்டம். பிறகு இரட்டை முனை ஊசி. வீடு வீடாக அம்மை முகப் படத்தைக் காட்டித் தேடியது. வடக்கே பீகாரில் 1974இல் கடைசியாக ஒரு பெரிய வேகம் காட்டியது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் முடிந்தது. 1980 மே 8ஆம் தேதி உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

அப்பாயிக்கு அந்தச் செய்தி தெரியாது. 1979 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த மாசியில் பூச்சொரிதலுக்கு அவள் இல்லாமல் நான் மட்டும் நடந்து போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று சன்னதிக்கு வந்தேன். அந்தப் பாக்கியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.