யார் வந்தார், யார் போனார்

பிரெஞ்சுப் பள்ளியில் தினமும் காலையில் 'அப்பேல்' எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் 'பிரெசான்' என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பையனுக்காக ஒருநாள் நான் குரல் கொடுத்து முட்டி போட்டேன். பிறகு அரசு வேலை, வருகைப் பதிவேடு. நேரம் தாண்டி வந்தால் தலைமை எழுத்தர் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரிவில் லினக்ஸ் கணினி வைத்தார்கள். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்பது அதன் பெயர். அதற்குள்ளும் ஒரு வருகைப் பதிவேடு உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் பட்டியலொன்றில் தொகை மாறியிருந்தது. மாறிய நேரம் பகல் 1.20. கணினி பார்க்கும் தம்பி 'லாஸ்ட்' என்று தட்டினார். யார் பெயரில், எந்த முனையத்தில், எப்போது நுழைந்து எப்போது வெளியேறினார் என்று வரிசையாக வந்தது. என் நண்பர் பெயரில் காலை 10.05 முதல் மாலை 5.40 வரை. மெமோ எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவரோ மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், வெளியேறும் கட்டளை கொடுக்காமல். நல்லவேளை, வெளியே செல்வோர் பதிவேட்டில் 1.05-க்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் காகிதம்தான் காப்பாற்றியது. கணினிக்குத் தெரிந்தது பெயர்தான். நாற்காலியில் இருந்த ஆளை அது பார்க்கவில்லை. என் பழைய 'பிரெசான்' மாதிரிதான்!

இந்தப் பதிவேடு லினக்ஸைவிடப் பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே இரண்டு கோப்புகள் உண்டு. இப்போது உள்ளே இருப்பவர்களுக்கு 'யுடிஎம்பி', வந்து போனவர்களுக்கு 'டபிள்யூடிஎம்பி'. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அதே பெயர்கள் தொடர்ந்தன. தவறான கடவுச்சொல் போட்டவர்களுக்குத் தனிக் கோப்பு. அதை 'லாஸ்ட்பி' காட்டும். ஆனால் 'ரூட்' அதிகாரம் உள்ளவர் எதையும் அழிக்கலாம். சிவப்பு மைப் புட்டி தலைமை எழுத்தரிடம்தானே இருக்கும்?

இன்னொரு குறை. நேரத்தை 32 பிட்டில் எழுதுவதால் 2038 ஜனவரி 19-க்கு மேல் கணக்கு தவறிவிடும். அதனால் 2025-இல் வந்த டெபியன் 13, பழைய கோப்பை விட்டு 'டபிள்யூடிஎம்பிடிபி' என்ற புதியதற்கு மாறிவிட்டது. 'பாஸ்' அந்த டெபியன் வழி வந்ததுதான்.

நண்பர் அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வெளியேறிவிட்டுத்தான் போவார்.