கத்தரிக்காய் கொத்சு (சிதம்பரம்)

கத்தரிக்காய் கொத்சு என்பது, வதக்கியோ சுட்டோ மசித்த கத்தரிக்காயைப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த பொடி சேர்த்து, நல்லெண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்போது இறக்கும் கெட்டியான தொடுகறி. பேச்சில் கொஸ்து என்பதும் உண்டு. தமிழகத்தில் பல ஊர்களில் இதைச் செய்கிறார்கள் என்றாலும், ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது சிதம்பரத்துக்குத்தான். கடலூர் மாவட்டத்தின் தெற்கில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரின் நடராசர் கோயிலில், மிளகும் சீரகமும் நெய்யும் கலந்த சம்பா சாதத்துக்குத் துணையாகக் கொத்சு நைவேத்தியமாகிறது. கோயிலில் ஒரு பக்குவம், வீட்டில் ஒரு பக்குவம், காலையில் இட்லியும் பொங்கலும் போடும் ஓட்டலில் இன்னொரு பக்குவம் என்று ஒரே பெயரில் பல கொத்சுகள் இன்று வழங்குகின்றன. எளிய செய்முறை ஒன்று அன்றாடச் சமையலுக்குள் வரும்போது எது வளையும், எது வளையாது என்பதைக் கவனிக்க, இந்த மாவட்டத்தில் இதைவிட வாகான உணவு இல்லை.

கோயில் பக்குவம்

பொது தீட்சிதர்களின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. நைவேத்தியச் சமையலில் வெங்காயமும் பூண்டும் சேர்வதில்லை. அவை இல்லாத குறையைப் பெருங்காயம் தீர்க்கிறது. வெங்காயம், பூண்டு இரண்டின் மணத்துக்கும் கந்தகச் சேர்மங்கள் காரணம். பெருங்காயத்தின் மணமும் அதே இனத்துச் சேர்மங்களால் வருவதுதான். எண்ணெயில் பொரிந்ததும் அதன் காரநெடி அடங்கி, வெங்காயம் வதங்கிய மணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பொடிக்கு மல்லி, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம். நாலு பேருக்குக் கால் கிலோ கத்தரிக்காய் என்றால், மல்லி இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் ஐந்தாறு, வெந்தயம் கால் தேக்கரண்டி போதும். வெந்தயம் இந்த அளவைத் தாண்டினால் கசப்பு முன்னால் வந்துவிடும். புளி சிறு எலுமிச்சை அளவு. நல்லெண்ணெய் மூன்று நான்கு மேசைக்கரண்டி. இதைப் பார்த்துப் புதிதாகச் சமைப்பவர்கள் திகைப்பதுண்டு. கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம், புளியின் முனையை மழுக்குவதற்கு.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வந்த பின் இங்கே பரவியது. ஆகவே இன்றைய கொத்சுப் பொடி, எவ்வளவு பழமையானதாகச் சொல்லப்பட்டாலும், 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இதே வடிவில் இருந்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் சம்பா சாதமோ மிளகில் நிற்கிறது. ஒரே இலையில் பழைய காரமும் புதிய காரமும் அருகருகே இருக்கின்றன. தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது இந்தப் பக்குவத்துக்குள் நுழையவில்லை, வீட்டுக் கொத்சில் மட்டும் இடம்பிடித்தது.

எதோடு சாப்பிடுகிறோம்

வீட்டு மாற்றங்களுக்கெல்லாம் வேர், கொத்சு எதற்குத் தொட்டுக்கொள்ளப்படுகிறது என்பதில் இருக்கிறது. சம்பா சாதத்தில் நெய் இருக்கிறது, காரம் இருக்கிறது, புளிப்பு இல்லை; அதுவும் உதிர்உதிரான சாதம். அதற்குப் புளிப்பு தூக்கலான, விரலில் எடுக்கக்கூடிய கெட்டிக் கொத்சு வேண்டும். அதே கொத்சை இட்லிக்கு வைத்தால் தொண்டையை அடைக்கும். இட்லி உறிஞ்சும் பண்டம். தளர்வாக, ஓடும் பதத்தில் கேட்கும். அதனால் பாசிப்பருப்பு சேர்ந்தது, தண்ணீர் கூடியது, சின்ன வெங்காயமும் தக்காளியும் வந்தன, புளி பாதியாகக் குறைந்தது. தஞ்சாவூர்ப் பக்கமும் பாசிப்பருப்புக் கொத்சு உண்டு. வெண்பொங்கலுக்குச் செய்யும்போது மட்டும் பருப்பைத் தவிர்ப்பது நல்லது. பொங்கலிலேயே பாசிப்பருப்பு இருக்கிறது, தொட்டுக்கொள்வதிலும் அதுவே என்றால் நாக்குக்கு வேலையில்லை.

தக்காளி சேர்க்கிறவர்கள் வெல்லத்தை விட்டுவிடலாம். தக்காளிக்கும் புளிக்கும் ஒரே நேரத்தில் முழு அளவு கொடுப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிசகு. ஒரு நடுத்தரத் தக்காளி போட்டால் புளியைக் கால்வாசி குறைக்க வேண்டும்.

பொடிக்குப் பதிலாக டப்பாவிலிருக்கும் சாம்பார்ப் பொடியைப் போடுவது பரவலான குறுக்குவழி. சாப்பிட முடியாததாக ஆகிவிடாது. ஆனால் கிடைப்பது பருப்பில்லாத கத்தரிக்காய்ச் சாம்பார், கொத்சு அல்ல. கொத்சுக்கு அடையாளம் அப்போது வறுத்த மல்லியின் மணம். வறுத்து அரைக்கப் பத்து நிமிடம் இல்லாத வீடுகளில், இரண்டு வாரத்துக்கான பொடியை ஒருமுறை தயாரித்துக் காற்றுப் புகாத பாட்டிலில் வைத்துக்கொள்வது சாம்பார்ப் பொடியைவிட எவ்வளவோ மேல். கொரகொரப்பாக அரைத்து வைத்தால் மணம் அதிக நாள் நிற்கும்.

எண்ணெயில் சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. காயை வதக்காமல் ஆவியில் வேகவைத்து மசித்து, புளியோடு கொதிக்கவிட்டு, ஒரே ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைத் தாளிப்புக்கென்று கடைசியில் ஊற்றினால், எண்ணெயின் மணம் மேலே நிற்கும். உள்ளே குறைந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறுவதில் இந்தச் சலுகை கிடையாது. இந்தக் கறியில் நல்லெண்ணெய் ஒரு ருசி.

செட்டிநாட்டுக் கோசமல்லி இதற்கு நெருங்கிய உறவு. அங்கே கத்தரிக்காயை வேகவைத்துத் தோல் நீக்கிக் கையால் பிசைகிறார்கள். வறுத்த பொடி இல்லை, வெங்காயமும் பச்சை மிளகாயும் உண்டு. இடியாப்பத்துக்கும் இட்லிக்கும் ஊற்றுகிறார்கள். இன்னும் தொலைவில், பஞ்சாபின் பைங்கன் பர்த்தாவும் அரபு நாடுகளின் பாபா கனூஷும் சுட்ட கத்தரிக்காய்தான். பாபா கனூஷில் எலுமிச்சைச் சாறும் எள் விழுதும் சேர்வதைப் பார்த்தால், புளியும் நல்லெண்ணெயும் சேர்கிற சிதம்பரத்துக்கு அது அவ்வளவு அந்நியமில்லை என்று தோன்றும்.

அடுப்பும் பாத்திரமும்

விறகடுப்புக் காலத்தில் தணலில் காயைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடிந்தது. கேஸ் அடுப்பில் சுடுவதென்றால், பெரிய காயாக எடுத்து, எண்ணெய் தடவி, நாலு இடத்தில் கத்தியால் கீற வேண்டும். கீறாத காய் உள்ளே சேர்ந்த ஆவியால் வெடிக்கும். புழு இருந்தால் கீறும்போதே தெரிந்தும்விடும். தோல் கருகி, காம்புப் பக்கம் அழுத்தினால் குழையும்வரை சுட்டு, சில நிமிடம் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். மின்தூண்டல் அடுப்பில் சுடவே வழியில்லை. அங்கே இரும்புக் கடாயில் அதிகச் சூட்டில் வதக்குவதே தக்கது. புகை மணம் வராது, ஆனால் ஓரம் சிவந்த காயின் இனிப்பு கிடைக்கும்.

குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு விசில் விடும் வழக்கம் பெருகியிருக்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புளியின் அமிலம், காயின் செல்சுவரிலுள்ள பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். பருப்பு வேகவும் தடையாக இருக்கும். ஆகவே காயும் பருப்பும் முதலில் வெந்து குழைய வேண்டும், பிறகே புளிக்கரைசல். பாட்டிமார் சொன்ன வரிசையும் இதுதான். புளி ஊற்றிய பின் பச்சை வாடை போக, திறந்த பாத்திரத்தில் ஏழெட்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டு வைப்பது கறுக்காமல் இருக்க. காயிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றோடு சேர்ந்து கறுக்கின்றன. தண்ணீர் காற்றை மறைக்கிறது. வதக்கும் முன் ஒட்ட வடித்துத் துடைக்காவிட்டால் காய் வதங்காது, வேகும். மசிக்க மத்துதான் சரி. மிக்சியில் ஓடவிட்டால் விதை உடைந்து கூழாகிறது. அவசரத்துக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் ஆறிய பிறகு.

பெரிய அளவுச் செய்முறையை நாலு பேருக்குச் சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வகுக்கக் கூடாது. சிறிய அளவை அகன்ற கடாயில் கொதிக்கவிட்டால் தண்ணீர் வேகமாகச் சுண்டும். அதனால் கரைசலை வகுத்து வந்த கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவும், உப்பைக் குறைவாகவும் தொடங்கி, இறக்கும் முன் பார்த்துச் சேர்ப்பதே பாதுகாப்பு.

சம்பா சாதம்

ஒரு ஆழாக்கு அரிசிக்கு மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, நெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் சூடு ஏறும்வரை வறுத்துப் பொடித்து, அடுப்பை அணைத்த பிறகு சாதத்தில் கலக்க வேண்டும். மிளகின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. பொடியைக் கொதியில் போட்டால் காரம் மிஞ்சும், மணம் போய்விடும்.

சீரகச் சம்பா கிடைத்தால் சிறப்பு. அரை மணி ஊறவைத்தால் குக்கரில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு தண்ணீர் போதும். பொன்னிப் புழுங்கலில் செய்கிறவர்கள் வடித்த சாதமாக எடுத்து, தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பின் கலந்தால் குழையாது. முந்தின இரவு மீந்த சாதம் இதற்கு மிகவும் பொருத்தம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். நைவேத்தியத்துக்கு ஆகாதுதான், குளிரில் வைத்த சாதமாக இருந்தால் அலுவலக டப்பாவுக்கு நன்றாகவே ஆகும். சாமையில் செய்வதானால் ஒன்றுக்கு இரண்டேகால் மடங்கு தண்ணீர் வைத்து, வெந்ததும் முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். சாமை நெய்யை உறிஞ்சிக்கொண்டு வறண்டுபோகும். பரிமாறும்போது அரைத் தேக்கரண்டி நெய்யை மேலே விடுவது அதற்கு மருந்து. பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே விளைவதால் இந்த மாவட்டத்துச் சம்பா சாதத்தில் முந்திரி தாராளமாக விழுகிறது. மற்ற ஊர்களில் வறுத்த வேர்க்கடலை போட்டால் செலவு குறையும், மொறுமொறுப்பு குறையாது.

களியும் ஏழுகறிக் கூட்டும்

சிதம்பரத்தின் இன்னொரு இணை, மார்கழித் திருவாதிரையில் வரும் களியும் கூட்டும். திருப்பல்லாண்டு பாடிய சேந்தனாரோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள்: விறகு விற்றுப் பிழைத்தவர்; மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், அடியாருக்கு அமுது படைக்க வீட்டில் இருந்ததை வைத்துக் களி கிண்டினார்; மறுநாள் அது நடராசர் சன்னதியில் சிதறிக் கிடந்தது. கதையின்படி இல்லாமையில் பிறந்த அந்தக் களி, இன்று நெய்யும் முந்திரியும் ஏலக்காயும் தேங்காய்த் துருவலும் ஏறிய பண்டம். அன்றாடத்துக்குச் செய்யும்போது நெய்யைப் பாதியாக்கலாம். சிவக்க வறுத்து உடைத்த பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, வெல்லம் மூன்றும் சரியாக இருந்தால் களி நிற்கும். இங்கேயும் ஒரு வரிசை உண்டு. வெல்லம் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவுச்சத்து வேகத் தாமதமாகும். அரிசி ரவை முக்கால் வேக்காடு வெந்த பிறகு வெல்லப் பாகை ஊற்றினால் நறநறப்பு இருக்காது. பாகிலேயே ரவையைக் கொட்டிக் கிண்டுகிற வீடுகளில் தண்ணீரைக் கூட்டி வைத்து அதைச் சமாளிக்கிறார்கள்.

கூட்டின் விதி வித்தியாசமானது. காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஐந்தோ ஏழோ ஒன்பதோ. எந்தக் காய் என்பது அவரவர் வசதி. பரங்கி, வாழை, சேனை, சர்க்கரைவள்ளி, அவரை, மொச்சை, கத்தரி என்று நாட்டுக் காய்களையே போடுவது மரபு. காரட்டும் பீன்ஸும் சேர்க்கலாமா என்று வீட்டுக்கு வீடு வாதம் உண்டு. ருசிக்குக் கேட்டால், காரட் இனிப்பைக் கூட்டிவிடும். அது சேர்ந்தால் பரங்கியையோ சர்க்கரைவள்ளியையோ எடுத்துவிடுவது நல்லது. காய்கள் வேகும் நேரம் வேறுவேறு: முதலில் ஊறவைத்த மொச்சை, பிறகு சேனை, அப்புறம் வாழையும் கத்தரியும், கடைசியில் பரங்கி. புளி இங்கேயும் எல்லாம் வெந்த பிறகுதான்.

மீந்தால் எப்படி என்பதில் கொத்சுக்கும் கூட்டுக்கும் வேறு வேறு கணக்கு. பருப்பில்லாத, எண்ணெயும் புளியும் நிறைந்த கொத்சு காலையில் செய்தது இரவுவரை தாங்கும். பாசிப்பருப்போ தக்காளி வெங்காயமோ சேர்ந்தது வெயில் காலத்தில் அவ்வளவு நேரம் நிற்காது. மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையேல் குளிர்ப்பெட்டி. கூட்டு மீந்தால் அன்றிரவே தண்ணீர் வற்றச் சுண்டவைத்து எடுத்துவைப்பார்கள். காலையில் அது பழைய சோற்றுக்கு.